நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். சென்னை அடுக்குமாடி வளாகங்களில் வளர்ப்பு நாய்களுக்கு எழுதப்படும் விதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் வெளியே கொண்டுவரலாம். மதிலை ஒட்டிய பின்பக்கப் பாதையில்தான் நடத்த வேண்டும். பெல்ட்டை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். வாய்மூடி கட்டாயம். யாரையும் நாய் கடித்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் எழுதியவைதான். ஆனால் நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவற்றின் நடத்தைச் சிக்கல்களையும் கவனித்துவரும் எங்கள் கண்ணுக்கு, இந்த நான்கும் சேர்ந்தால் சண்டைக்கு வேண்டியதெல்லாம் தயார்.

அறிமுகமில்லாத இரண்டு நாய்கள் கட்டில்லாமல் ஒரு மைதானத்தில் சந்திப்பதைக் கவனியுங்கள். ஒன்றை நோக்கி ஒன்று நேர்க்கோட்டில் வராது. பிறைபோல் வளைந்து வரும். நடுவில் ஒன்று நின்று, தலையைத் திருப்பிக்கொண்டு, தரையை மோந்து பார்க்கும். அங்கே மோப்பம் பிடிக்கப் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ‘வம்புக்கு வரவில்லை’ என்று எதிராளிக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். பிறகு பக்கவாட்டில் நெருங்கி, பின்பக்கத்தை இரண்டு மூன்று விநாடி மோந்துவிட்டு, உடம்பை ஒரு உதறு உதறி அதனதன் வழியில் போகும். கண்ணோடு கண் வைத்து நேராக வேகமாக வருவது நாய்களிடையே முறைப்புக்குச் சமம்.

உங்கள் பின்பக்கப் பாதையின் அகலம் எவ்வளவு? நான்கு அடி இருக்குமா? ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஜெனரேட்டர். அங்கே வளைந்து வர இடமேது? போதாததற்கு, இழுத்துப் பிடித்த பெல்ட். கழுத்து மேலே தூக்கி, மார்பு முன்னே தள்ளி, பாரமெல்லாம் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது நாய். அது பயந்த சுபாவமாகவே இருந்தாலும், எதிரே வரும் நாய் அதில் பார்ப்பது ஒரு சவாலைத்தான். இரும்புச் சங்கிலியோ சுருக்குச் சங்கிலியோ என்றால் இன்னும் மோசம். எதிரே நாய் தெரியும்போதெல்லாம் கழுத்து இறுகி வலித்தால், எதிர் நாய் என்றாலே வலி என்று கொஞ்ச நாளில் அதன் மண்டையில் பதிந்துவிடும். ‘வர வர ரொம்பக் குரைக்குது’ என்ற புகார் பலமுறை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

உறுமலுக்கு முன்பே நாய் நிறையச் சொல்லிவிடுகிறது. முதலில் வாயைப் பாருங்கள். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டு வந்த வாய் சட்டென்று மூடினால், அதுதான் முதல் மணி. அடுத்து உடம்பு ஒரு கணம் கல்லாய் நிற்கும். காதுகள் முன்னால் வரும். பார்வை இமைக்காமல் குத்திட்டு நிற்கும். வால் உயர்ந்து நுனி மட்டும் துடிக்கும். ஓரிரு விநாடிதான் அவகாசம். சில நாய்கள் வேறு விதம்: மூக்கை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பியபடியே கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கும். இவை ‘போதும், தள்ளிப் போகலாம்’ என்ற கெஞ்சல். பிடரி மயிர் சிலிர்ப்பதைக் கோபம் என்று மட்டும் எண்ண வேண்டாம். பயத்திலும் வரும், அதிக உற்சாகத்திலும் வரும்.

‘வாலாட்டுதே சார், ஒண்ணும் பண்ணாது’ என்பதை நம்பாதீர்கள். இத்தாலியில் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உரிமையாளரைக் கண்ட நாய்களின் வால் வலப்பக்கமும், முன்பின் தெரியாத ஆதிக்க நாயைக் கண்டபோது இடப்பக்கமும் அதிகம் சாய்ந்து ஆடியது. நடைபாதையில் வலம் இடம் அளந்துகொண்டிருக்க முடியாது. இடுப்பும் சேர்ந்து குழைந்து ஆடுகிறதா, வால் மட்டும் விறைப்பாக ஆடுகிறதா என்று பார்த்தால் போதும். இனத்துக்கு இனம் கணக்கும் மாறும். பக் நாயின் வால் எப்போதும் சுருண்டே இருக்கும். அதன் மூச்சுச் சத்தத்தை உறுமல் என்று மற்ற நாய்கள் தப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு. ஷிட்ஸுவின் கண்ணை முடி மறைக்கும். சிப்பிப்பாறை சும்மா நிற்கும்போதே வாலைத் தாழ்த்தித்தான் நிற்கும்.

விறைப்பைக் கண்டதும் செய்ய வேண்டியது எளிது: நிற்காமல், அதட்டாமல், பெல்ட்டைச் சுண்டாமல், ‘வா’ என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுத் திரும்பி நடப்பது. திரும்ப இடமில்லையென்றால் நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் போய்விடலாம். பார்வை அறுந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஐந்தாறு அடி பெல்ட், நடுவில் தொய்வு தெரியும்படி பிடித்தால் போதும். இழுக்க இழுக்க நீளும் சுருள் பெல்ட் வளாகத்துக்குள் வேண்டாம். அவசரத்தில் பூட்டுவதற்குள் நாய் பாய்ந்திருக்கும். குட்டி நாயைச் சட்டென்று தூக்கினால் எதிர் நாய் எம்பும், கடி உங்கள் கையில் விழும். உறுமும் நாயை அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது.

வாய்மூடி பற்றி: நைலான் பட்டையாய் வாயை இறுக்கிக் கட்டும் வகையைக் கட்டாயமாக்காதீர்கள். நாய் உடல்சூட்டைத் தணிப்பதே இளைத்துத்தான். வாய் திறக்க முடியாமல் சென்னை வெயிலில் நடந்தால் உயிருக்கே ஆபத்து. வேண்டுமென்றால் உள்ளே வாய் திறந்து இளைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை வகையைச் சொல்லுங்கள்.

சண்டை மூண்டுவிட்டால் செக்யூரிட்டி லத்தியால் அடிப்பது வெறியைக் கூட்டும். நடுவில் கை நுழைக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றலாம், குடையைப் படக்கென்று விரிக்கலாம். சண்டை நிற்கவில்லையென்றால், இரண்டு பேர் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கி ஒரே நேரத்தில் பின்னோக்கி நடக்க வேண்டும். ஆனால் பல் பூட்டிப் பிடித்திருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். பிடி தளரும்வரை பொறுக்கவும். மனிதருக்குப் பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை போக வேண்டும்.

இனி விதிகளுக்கு வருவோம். ஒரு மணி நேரத்தை மூன்று மணி நேரமாக விரித்தால் நெரிசல் குறையும். பின்பக்கப் பாதைக்குப் பதில் முன்பக்கச் சுற்றுப்பாதையைக் கொடுங்கள். அதில் எல்லா நாயும் ஒரே திசையில், கடிகாரச் சுற்றாக நடக்கட்டும். ஒன்றின் பின் ஒன்றாகப் பத்தடி விட்டு நடக்கும் நாய்கள் பழகிவிடும். புதிய நாய்களை அறிமுகம் செய்ய நாங்களே பயன்படுத்தும் வழிதான் இது. லிஃப்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு வீட்டு நாய் மட்டும். கதவு திறக்கும்போது வெளியே காத்திருப்பவர் கதவுக்கு நேரே நிற்காமல் ஆறடி தள்ளிப் பக்கவாட்டில் நிற்கட்டும். பார்க்கிங் சரிவில் வண்டிகளுக்காக மாட்டியிருக்கிறீர்களே குவியாடி, அதே மாதிரி ஒன்றை லிஃப்ட்டுக்கு அடுத்த திருப்பத்தில், பெரியவர் கண் உயரத்தில் மாட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர்கள் சிலர்