அம்பு பட்ட மானைத் தேடும் பொறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வில்வேட்டை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நான் பென்சில்வேனியாவில் நெடுங்காலமாக வசித்து, இலையுதிர் காலந்தோறும் வெள்ளைவால் மான் வேட்டைக்குச் சென்றுவரும் தமிழன். வில்லின் அமைப்பையும் உரிம விதிகளையும் வேட்டைப் பருவத்தையும் விரிவாக விளக்கிய கட்டுரையாளர், அம்பு எய்த பிறகு நடப்பதை மட்டும், மானைக் கண்டுபிடித்து எடுத்து வருவார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வில்வேட்டையில் மிகக் கடினமான பணி அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. ஒருவர் வில்லைத் தொடத் தகுதியுள்ளவரா என்பதை அதை வைத்தே நான் முடிவு செய்வேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டைக்கு இடமில்லை. அங்குள்ள வாசகர்களுக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் உரிமம் பெற்று வில்லுடன் காட்டுக்குள் போகத் தொடங்கியிருப்பதை நான் பார்க்கிறேன். அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

துப்பாக்கிக் குண்டு கொல்லும் விதம் வேறு, அம்பு கொல்லும் விதம் வேறு. குண்டு பாயும்போது எழும் அதிர்ச்சியே சுற்றியுள்ள சதையையும் எலும்பையும் சிதைத்துவிடும். அம்புமுனையில் உள்ள கூரிய தகடுகளோ இரத்தக் குழாய்களை அறுக்கின்றன; குருதி வெளியேறுவதால்தான் மான் இறக்கிறது. இரண்டு நுரையீரல்களையும் துளைத்துவிட்டால் மான் சில நொடிகள் ஓடி, பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். ஆனால் அம்பு எப்போதும் குறி வைத்த இடத்தில் பாய்வதில்லை. இன்றைய காம்பவுண்ட் வில்லிலிருந்து (கப்பிகள் பொருத்திய நவீன வில்) அம்பு நொடிக்கு ஏறத்தாழ 85 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒலியோ நொடிக்கு 340 மீட்டர் செல்கிறது. இருபத்தைந்து மீட்டர் தொலைவில் நிற்கும் மானுக்கு நாணோசை முதலில் கேட்டுவிடும். அம்பு வந்து சேர்வதற்குள் அது பாய்ந்தோடுவதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகின் மேற்பகுதியில் தைக்கிறது. எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் இதை முற்றிலும் தவிர்க்க இயலாது. மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்ற இடத்திலுள்ள கடற்படைத் தளத்தில் பல ஆண்டுகளாக வைத்திருந்த பதிவுகளின்படி, அம்பு பட்ட மான்களில் நூற்றுக்குச் சுமார் 18 கண்டெடுக்கப்படவில்லை. அவற்றில் சில புண் ஆறிப் பிழைத்திருக்கும் என்பது உண்மையே. பிழைக்காதவற்றைப் பற்றித்தான் என் கவலை.

தேடல் தொடங்குவது காட்டுத் தரையில் அல்ல, வேட்டைக்காரர் மரத்தில் அமைத்து உட்கார்ந்திருக்கும் பரணின் மேலேயே. அம்பு பட்ட கணத்தில் மான் என்ன செய்தது என்பதைக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். நெஞ்சில் பட்ட மான் பின்னங்கால்களை உதைத்துத் துள்ளி, உடலைத் தாழ்த்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடும். வயிற்றில் பட்ட மான் முதுகைக் கூனிக்கொண்டு சிறிது தூரம் ஓடி, நின்று, வாலை ஒடுக்கியபடி மெல்ல நடந்து போகும். அது நின்ற இடத்தையும், கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையும் மனத்தில் குறித்துக்கொண்டு, ஓசையின்றிப் பரணிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு இறங்கி அம்பைத் தேடி எடுத்துப் பார்த்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். வெளிர் சிவப்பில் நுண்ணிய குமிழிகளோடு குருதி படிந்திருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரலாக இருக்கலாம். பச்சையும் பழுப்புமாக வழுவழுப்பு ஒட்டி, முகர்ந்தால் பாதி செரித்த தீனியின் நாற்றம் அடித்தால் குடலோ இரைப்பையோ துளைபட்டிருக்கிறது. தரையில் உதிர்ந்து கிடக்கும் முடியும் உதவும். வெண்முடி அடிவயிற்றையும், நுனி கறுத்த பழுப்பு முடி முதுகுப் பக்கத்தையும் காட்டும்.

இதற்குப் பின் செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். நுரையீரலில் பட்டதென்று தெளிவாகத் தெரிந்தாலும் அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கல்லீரல் என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம். வயிறு என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், அதாவது மாலையில் எய்தால் மறுநாள் விடியும் வரை. புதிதாக வருபவர்கள் இதைக் கேட்டதும் அதிர்ச்சி அடைகிறார்கள். துடித்துக்கொண்டிருக்கும் உயிரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. வயிற்றில் அம்பு பட்ட மான் மணிக்கணக்கில் வேதனைப்படுகிறது என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் யாரும் துரத்தாவிட்டால் அந்த மான் பெரும்பாலும் அருகிலுள்ள புதரிலேயே படுத்துவிடும். எழும் வலுவின்றி அங்கேயே இறக்கும். அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் அச்சத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் ஓடிவிடும். ஓடும்போது கொழுப்போ குடலோ காயத்தின் வாயை அடைத்துக்கொள்ளும், ஒரு சொட்டும் கீழே விழாது, தடம் அறுந்துபோகும். அதன் வேதனை அதனால் குறைவதில்லை. நம் கைக்குக் கிடைக்காத இடத்தில் தொடர்கிறது, அவ்வளவுதான்.

மழை வருகிறது, இரவு வெப்பமாக இருக்கிறது, கொயோட்டிகள் (ஓநாயை ஒத்த காட்டு விலங்குகள்) தின்றுவிடும் என்று காரணம் காட்டிப் பலர் முன்கூட்டியே தேடப் புறப்படுகிறார்கள். தடத்தை மழை அழித்துவிடும் என்றால் அதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இறைச்சி கெட்டுவிடும் என்பதற்காக, வயிற்றில் பட்ட மானை இரவோடு இரவாகத் துரத்துவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

தேடும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். இரண்டு மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது. குருதித் தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடந்து, கடைசியாகக் கண்ட சொட்டின் அருகே ஆரஞ்சு நிற நாடாவைக் கட்டிவிட்டு, அடுத்த சொட்டைக் கண்ட பிறகே நகர வேண்டும். திரும்பிப் பார்த்தால் நாடாக்களின் வரிசையே மான் போன திசையைக் காட்டும். தரையை மட்டுமல்லாமல், மானின் விலா உரசிச் சென்ற இளஞ்செடிகளின் தண்டையும் பார்க்க வேண்டும். அக்டோபர் மாதத்தில் மேப்பிள் இலைகளில் இயற்கையாகவே செம்புள்ளிகள் இருக்கும். விளக்கொளியில் காய்ந்த குருதிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறு தெளிப்பானில் கொண்டுபோய் இலைமேல் தெளித்தால், குருதியாக இருந்தால் வெண்ணுரை பொங்கும். இலையின் புள்ளியாக இருந்தால் ஈரம் மட்டுமே தெரியும்.

இவ்வளவு செய்தும் தடம் அறுந்துபோகும் நேரம் வரும். அப்போதுதான் நாய் வேண்டும். காயம்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே நாய்களைப் பழக்கும் மரபு ஜெர்மனியில் மிகப் பழையது. பென்சில்வேனியாவில் கயிற்றில் பிடித்த நாயைக் கொண்டு காயம்பட்ட மானைத் தேடுவதற்கு 2018-ஆம் ஆண்டில்தான் சட்டம் இடம் கொடுத்தது. நண்பர் ஒருவர் எய்த மானைத் தேட வந்த நாய், கட்டைக் கால்களும் நீண்ட உடலும் கொண்ட கம்பிமுடி டாஷ்ஹண்ட். நாங்கள் ஓடைக்கரையில் குருதியைத் தவறவிட்டு நின்ற இடத்தில் அது ஓர் ஓக் இலையின் விளிம்பில் மூக்கை வைத்து நின்றது. இரண்டு முறை வட்டமிட்டது. பிறகு, நாங்கள் யாரும் நினைக்காத திசையில் ஓடையைக் கடந்து கயிற்றை இழுத்துக்கொண்டு போனது. அக்கரையில் எங்கள் கண்ணுக்கு ஒரு சொட்டும் தெரியவில்லை. மானின் குளம்புப் பிளவில் உள்ள சுரப்பி ஒவ்வோர் அடியிலும் மண்ணில் வாசத்தை விட்டுச் செல்கிறது. நாய் பின்தொடர்ந்தது குருதியை மட்டுமல்ல, அந்த வாசத்தையும்தான். கோல்டன்ராட் செடிகள் அடர்ந்த ஒரு பள்ளத்தில், உறைபனி படிந்த முதுகோடு மான் கிடந்தது.

ஆனால் பெரும்பாலானோர் நாயைக் கடைசியாகத்தான் அழைக்கிறார்கள். பத்துப் பேர் காட்டை மிதித்துத் துவைத்து, தங்கள் காலணிகளிலேயே குருதியையும் வாசத்தையும் நாலா பக்கமும் பரப்பிவிட்ட பிறகு நாய் வந்து என்ன செய்யும்? அம்பில் பச்சை வழுவழுப்பைக் கண்ட உடனேயே, ஓர் அடியும் எடுத்து வைக்காமல் நாய் வைத்திருப்பவரைத் தொலைபேசியில் அழைத்துவிட வேண்டும்.

பென்சில்வேனியாவில் முதன்முறை உரிமம் பெறுபவர்களுக்குப் பொதுவான வேட்டைப் பயிற்சி கட்டாயம். வில்லுக்கென்று தனிப் பயிற்சி கட்டாயமில்லை. அண்டையிலுள்ள நியூயார்க் மாநிலத்தில் வில்வேட்டைக்குத் தனிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. எங்கள் மாநிலமும் அதைப் பின்பற்ற வேண்டும். அந்தப் பயிற்சியில் குறிபார்த்து எய்வதற்கு ஒதுக்கும் அளவு நேரத்தைத் தடம் பார்த்துத் தேடுவதற்கும் ஒதுக்க வேண்டும். அதுவரை, இந்தப் பருவத்தில் முதன்முறையாக வில்லெடுக்கும் தமிழ் இளைஞர்கள், வேட்டை தொடங்கும் முன்பே பக்கத்து நிலத்துக்காரர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, காயம்பட்ட மான் உங்கள் எல்லைக்குள் வந்தால் தேட அனுமதிப்பீர்களா என்று நேரில் கேட்டுவைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்கு விளக்கோடு வேலியருகே நின்று கேட்டால் யாரும் எளிதில் சம்மதிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பென்சில்வேனியா, அமெரிக்கா