குதிரையின் கடைவாயைப் புண்ணாக்கிய கடிவாளத் தொகுப்பு குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கடிவாளம் மற்றும் சேணப் பொருட்கள் விற்பனை நிறுவனம், கான்பூர்.

பொருள்: பெல்ஹாம் பிட் (மேல், கீழ் என இரண்டு வார் பூட்டும் கடிவாளக் கம்பி) தொகுப்பின் துணைப் பாகங்களில் உள்ள பழுது, தவறான அளவுப் பட்டியல், தவறான பொருத்தும் குறிப்பு.

ஐயா / அம்மையீர்,

பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில் கத்தியவாரி இனத்துப் பெண் குதிரை ஒன்று வளர்க்கிறோம். என் மகள் அதில் சவாரி பழகுகிறாள். கடந்த மாதம் தங்கள் இணையக் கடையில் 5 அங்குல பெல்ஹாம் பிட், ஒரு ஜோடி ரப்பர் பிட் கார்டு (வாய்க்கம்பியின் இரு முனையிலும் உதட்டைக் காக்கப் போடும் வட்டு), கர்ப் செயின் (மோவாய்க்குக் கீழே மாட்டும் சங்கிலி), அதன் கொக்கிகள், லிப் ஸ்ட்ராப் (அந்தச் சங்கிலி நழுவாமல் பிடிக்கும் வார்) எல்லாம் சேர்ந்த தொகுப்பை வாங்கினேன். அதை மாட்டி ஓட்டியதில் குதிரையின் வலது கடைவாயில் தோல் உரிந்துவிட்டது. மோவாய்க் குழியில் முடி உதிர்ந்து வீங்கியிருக்கிறது. புண் ஆறும் வரை வாயில் எதையும் மாட்டக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார்.

குதிரையைப் பராமரிப்பவர் பெட்டிக்குள் நீங்கள் வைத்திருந்த தமிழ்க் குறிப்புத் தாளைப் படித்து, அதில் சொன்னபடியேதான் பூட்டினார். அந்தத் தாளில் “கர்ப் செயினை விரல் நுழையாத அளவுக்கு இறுக்கமாக மாட்டவும்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதை எழுதியவர் கர்ப் செயின் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துதான் எழுதினாரா?

கீழ் வாரை இழுக்கும்போது பிட்டின் பக்கக் கம்பி பின்னோக்கித் திரும்பும். ஏறக்குறைய 45 பாகை திரும்பிய பிறகே செயின் மோவாய்க் குழியில் பதிய வேண்டும். கையைத் தளர்த்தியதும் அது விலகிவிட வேண்டும். அந்த விலகல்தான் குதிரைக்குக் கிடைக்கும் பதில். அதிலிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது. தாளில் சொன்னபடி இறுக்கினால், வாரைத் தொடாமல் சும்மா நின்றாலும் கீழ்த்தாடை செயினுக்கும் வாய்க்கம்பிக்கும் நடுவே நசுங்கிக்கொண்டே இருக்கும். வாய்க்கம்பி உட்காரும் இடமோ, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடைப்பட்ட பல்லில்லாத ஈறு. எலும்பின் மேல் மெல்லிய தோல்தான் அங்கே இருக்கிறது. இரண்டு விரல் நுழையும் தளர்வு வேண்டும் என்று ஒரு வரி போட்டிருந்தால் போதுமே. கண்ணிகள் தட்டையாகப் படியும்வரை செயினை வலமாக முறுக்கிய பிறகே மாட்ட வேண்டும் என்பதும் தாளில் இல்லை. எங்களுக்கு வந்த செயினை எவ்வளவு முறுக்கினாலும், நடுவில் ஒரு கண்ணி பற்றவைப்பு கோணலாகி விளிம்பு மேலே தூக்கியே நிற்கிறது. அதன் தடம் மோவாயில் பதிந்திருப்பதைப் படத்தில் பார்க்கலாம்.

கொக்கிகளை அருகில் வைத்துப் பாருங்கள். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என எதிரெதிராக வளைந்திருக்க வேண்டியவை. பெட்டியில் வந்த இரண்டுமே இடப்பக்கக் கொக்கிகள். அதனால் வலப்பக்கக் கொக்கியின் வாய் வெளியே பார்க்காமல் உதட்டைப் பார்த்து நிற்கிறது. புண் வந்ததும் வலது பக்கத்தில்தான்.

அடுத்தது அளவுப் பட்டியல். வாயின் அகலத்தோடு கால் அங்குலம் கூட்டி வாங்கினால் போதும், பிட் கார்டு போட்டாலும் அதே அளவுதான் என்று தங்கள் இணையப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் குதிரையின் வாய் 118 மி.மீ. பட்டியல்படி 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. வாங்கினேன். தாங்கள் அனுப்பிய கார்டு ஒவ்வொன்றும் 6 மி.மீ. தடிமன். இரண்டையும் மாட்டினால் மிச்சம் 115 மி.மீ. 118 மி.மீ. வாய் அதற்குள் எப்படி அடங்கும்? உதடு கிள்ளுப்படாமல் இருக்கத்தானே பிட் கார்டே போடுகிறோம்! இந்தப் பட்டியலை நம்பி வாங்கினால் கார்டுதான் உதட்டை இருபுறமும் அழுத்துகிறது. போதாததற்கு ரப்பரின் உள் ஓரத்தில் அச்சுப் பிசிறு கத்தி போலக் கூராக நிற்கிறது. வெந்நீரில் ஊறவைத்து, துளையில் இரண்டு கயிறு கோத்து, ஆளுக்கொரு பக்கம் இழுத்து மாட்டும் முறையைப் பற்றியும் தாளில் ஒரு சொல் கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது தங்கள் சேவை மையத்தின் பதில். குதிரை தலையை உதறுகிறது, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்று சொன்னேன். “போகப் போகப் பழகிடும் சார். அப்பவும் அடங்கலைன்னா உள்பக்கம் முள் வச்ச கார்டு இருக்கு, அதை வாங்கிப் போடுங்க” என்றார்கள். வலியில் துடிக்கிற வாய்க்கு முள்ளா? இழுவை மற்றும் பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், 1965-இன் 8-ஆம் விதி, சவாரி உட்பட எந்த வகையிலும் விலங்கைக் கட்டுப்படுத்த முள் பதித்த பிட்டையோ, காயமும் கடும் வலியும் தரக்கூடிய கூரிய கருவிகளையோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. அப்படிப்பட்ட பொருளை “கூடுதல் கட்டுப்பாடு” என்ற பெயரில் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

தொகுப்பின் முழு விலையையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியம், அந்தக் குறிப்புத் தாளையும் அளவுப் பட்டியலையும் உடனே திருத்தி, இதே தொகுப்பை வாங்கிய எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள். வேறு வீட்டுக் குதிரைகளும் இப்போது இதே தாளின்படி பூட்டப்பட்டு நின்றுகொண்டிருக்கலாம். முள் கார்டை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரியான பயன்பாட்டுக்குப் போதிய வழிமுறையோ எச்சரிக்கையோ இல்லாத பொருளால் வரும் பாதிப்புக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவு சொல்கிறது. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். செயினையும் கொக்கிகளையும் கார்டுகளையும் சான்றுக்காக என்னிடமே வைத்திருக்கிறேன். தங்கள் ஆய்வாளர் வந்தால் குதிரையையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.

இணைப்பு: பில் நகல், குறிப்புத் தாளின் நகல், கால்நடை மருத்துவரின் சான்று, கடைவாய், மோவாய், கொக்கிகள் ஆகியவற்றின் படங்கள்.