அப்பாவின் கைக்கு ஒரு வேலை

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்ததைப் படித்து மகிழ்ந்தேன். உன் அப்பாவுக்கு அல்சைமர் என்னும் மறதிநோய் என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டதைப் படித்ததும் மனம் கனத்துப் போயிற்று. இங்கே எல்லோரும் நலம். என் அம்மாவும் தம் மறதியோடு நலமாகவே இருக்கிறார். ஒப்புக்காக இதை எழுதவில்லை. நோய் குணமாகவில்லை, குணமாக்கும் மருந்தும் இன்னும் வரவில்லை; ஆனாலும் பெரும்பாலான நாட்களை அவர் நிம்மதியாகக் கழிப்பதைக் கண்கூடாகப் பார்க்கிறேன்.

வேலைக்கு வரும் அம்மாளைத் திருடி என்று அப்பா சொல்வதாகவும், வீட்டில் தினமும் அதனால் சண்டை என்றும் எழுதியிருந்தாய். புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியைத்தான் இந்நோய் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தாக்குகிறது. பணப்பையைப் பீரோவில் வைத்ததே அப்பாவின் மனதில் பதியாதபோது, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. ஆதாரம் காட்டி அவரை மடக்காதே. "வாங்கப்பா, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லி உடன் நடந்தால் போதும். அந்த அம்மாளிடமும் நோயைப் பற்றித் தனியாக எடுத்துச் சொல்லிவிடு. பாவம், அவருக்கும் மானம் உண்டல்லவா?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் நெஞ்சில் ஆழமாகத் தைத்தது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியானவற்றையும் காட்டினார்கள். பார்த்தது என்னவென்று சிறிது நேரத்திலேயே பலருக்கும் நினைவில்லை. ஆனால் அது எழுப்பிய துக்கமும் மகிழ்ச்சியும் அதற்குப் பின்னும் நீடித்தன. அப்படியானால், காலையில் நாம் பேசிய கடுஞ்சொல் மறந்துபோனாலும் அதன் வலி அவர்களுக்குள் தங்கியிருக்கக்கூடும். பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசியதும் அப்படியே தங்கும். "எப்படியும் மறந்துவிடப் போகிறார், எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு என் பெயர் சில நாட்களில் வருவதில்லை. ஆனால் ஒரு கூடை மல்லிகையையும் நனைத்த வாழைநாரையும் மடியில் வைத்துவிட்டால், இரண்டு பூ இப்பக்கம், இரண்டு பூ அப்பக்கம் என்று வைத்து, விரல் பிசகாமல் முடிச்சிட்டு நெருக்கமாகக் கட்டிவிடுவார். கைப்பழக்கத்தைக் காக்கும் மூளைப்பகுதிகள் வேறு என்பதால், அது நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. அந்தச் சரத்தைச் சாமி படத்துக்குச் சூட்டும்போது அவர் முகத்தில் வரும் பெருமிதத்தை எந்த மாத்திரையும் தந்ததில்லை. உன் அப்பா நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். பழைய செய்தித்தாளும் சணல் நூலும் கொஞ்சம் துவரம்பருப்பும் கொடுத்துப் பொட்டலம் மடிக்கச் சொல்லிப் பார். அவர் மடித்த பொட்டலத்திலிருந்தே பருப்பை எடுத்துச் சமை. தம் வேலை வீட்டுக்குப் பயன்படுவதை அவர் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியம். திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதே. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டு. அமைதிப்படுத்தும் மாத்திரைகளை மட்டும் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அவற்றுள் சில, மறதிநோய் உள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தையும் உயிராபத்தையும் கூட்டுகின்றன. காதுக் கருவியையும் கண்ணாடியையும் தினமும் போட்டுவிடு. சரியாகக் கேட்காமலும் கண் தெரியாமலும் இருப்பதே குழப்பத்தைக் கூட்டிவிடும்.

நீ இரவெல்லாம் விழித்திருப்பதாக எழுதியதுதான் எனக்கு அதிகக் கவலை. தம்பி பணம் அனுப்புவது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. மாதத்தில் ஒரு வாரமாவது அவன் வந்து அப்பாவோடு தங்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கேள். அவன் தயங்கினால் என்னிடம் சொல், நான் பேசுகிறேன். தை பிறந்ததும் நான் வந்து சில நாள் இருக்கிறேன். அந்த நாட்களில் இரவுப்பொறுப்பு என்னுடையது.

அன்புடன்,
வசந்தா