ஒரு அங்குல ரப்பர்

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீ கார் வாங்கியிருக்கிறாய் என்று கேட்டதும், "அவங்கப்பா இருந்து பார்த்திருக்கணும்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டு வருஷம் ஓடிய ஸ்விஃப்ட் என்றால் என்ன, உன் கைக்காசில் வாங்கியது. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பெரியவள் மாற்றலாகி மைசூருக்குப் போய்விட்டாள். சின்னவனுக்குப் படிப்பில் இது கடைசி வருஷம். அம்மாவுக்கு முதுகுவலி வந்ததும் போனதும்தான் இந்த வருஷத்துப் பெரிய செய்தி. அந்தச் செய்தியும் நீ கேட்ட கேள்வியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

செங்கத்து டயர்க் கடைக்காரர் 205/65 ஆர் 15 அளவு டயர் போடச் சொல்கிறார், போட்டால் வண்டி உயரும், களத்துப் பாதையில் அடி தட்டாது என்கிறார், போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. ஏன் வேண்டாம் என்பதற்கு முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என் வண்டியும் உன்னுடையதைப் போலத்தான். கம்பெனியிலிருந்து வந்தபோது 165/80 ஆர் 14 டயர், இரும்பு ரிம். போன வருஷம் டயர் தேய்ந்ததும் சின்னவன் 16 அங்குல அலாய் வீல் போடலாம் என்று ஆசைப்பட்டான். கணக்கெல்லாம் சரியாகப் போட்டுத்தான் காட்டினான். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு மடங்கு, நடுவில் ரிம் 355.6 மி.மீ. ஆக மொத்த விட்டம் 619.6 மி.மீ. அவன் கேட்ட 195/55 ஆர் 16-க்கு 620.9 மி.மீ. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் மாறாது, சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டு வளைவில் இடிக்காது. எனக்கும் சரியென்று பட்டது, போட்டுவிட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வளைவில் வண்டி சாயாமல் திரும்பும். அகல டயர் ரோட்டைப் பிடிக்கும் விதமே தனி. அதை நான் மறுக்க மாட்டேன்.

மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு இடுப்புக்கு மேலே வட்டு விலகியது. வாரம் இரண்டு நாள் பன்னர்கட்டா ரோட்டுக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போக வேண்டும். அல்சூரிலிருந்து டைரி சர்க்கிள் தாண்டிப் போவதற்குள் எத்தனை ஹம்ப், எத்தனை ஒட்டுப்போட்ட பள்ளம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பின்சீட்டில் உட்கார்ந்து அம்மா ஒவ்வொன்றுக்கும் மூச்சை இழுத்துப் பிடிப்பாள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். நாலாவது வாரம் அவள் சொன்னது: "போன வருஷம் இதே வண்டி இப்படிக் குத்தலையேப்பா." அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மொத்த விட்டம் மாறவில்லை என்பதை மட்டும்தான் நாங்கள் பார்த்திருந்தோம். அந்த விட்டத்துக்குள் எது எவ்வளவு என்று பார்க்கவில்லை. பழைய டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் 132 மி.மீ. ரப்பரும் காற்றும் இருந்தன. புதியதில் 107. ரிம் பெரிதான அளவுக்கு மெத்தை மெலிந்துவிட்டது. 25 மி.மீ., அதாவது ஒரு அங்குலம். பள்ளத்தில் இறங்கும்போது முதலில் வளைந்து கொடுப்பது டயர்தான். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதற்குப் பிறகு. சின்னச் சின்னக் குத்தல்களை டயரே விழுங்கிவிட வேண்டும். பக்கச்சுவர் குட்டையானால் விறைப்பாகிவிடும், விழுங்காமல் அப்படியே மேலே அனுப்பிவிடும். அதோடு எங்கள் அலாய் சக்கரம் பழைய இரும்புச் சக்கரத்தைவிடக் கனம். அலாய் என்றாலே லேசு என்று நினைத்துவிடாதே, பெரிய அளவில் வார்த்தது கனக்கத்தான் செய்யும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாரம் கூடினால், ஹம்ப் ஏறி இறங்கிய சக்கரத்தைத் திரும்ப அடக்கி ரோட்டில் உட்கார வைப்பது ஷாக் அப்சார்பருக்குக் கஷ்டம்.

உங்கப்பா வண்டி ஞாபகம் இருக்கிறதா? இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டியை டயர் வண்டியாக மாற்றினாரே, அந்த வருஷம். அதற்கு முன்னால் ஊர்ச் சந்தைக்குப் போய் வந்தால் பெண்கள் இரண்டு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். டயர் போட்ட முதல் வாரம் உங்க ஆத்தா வண்டியிலேயே தூங்கிவிட்டார்கள். சாக்கு மூட்டையில் தலை சாய்த்து அவர்கள் தூங்கியதை நாம் இருவரும் பின்னால் தொங்கிக்கொண்டு பார்த்தோம். பாதை அதேதான், மாடும் அதேதான். இடையில் காற்று வந்தது, அவ்வளவுதான் மாற்றம். நான் காசு கொடுத்து அதைத் திருப்பிச் செய்திருக்கிறேன், செல்வம். காற்றை எடுத்துவிட்டு இரும்பைக் கூட்டியிருக்கிறேன்.

அந்த வண்டியில் இன்னொன்றும் நடந்தது. மரச்சக்கரம் ஆளுயரம், டயர்ச் சக்கரம் அதில் பாதி. மாட்டிப் பார்த்தால் வண்டி தாழ்ந்து, ஏர்க்கால் சரிந்து, நுகத்தடி மாட்டின் கழுத்தில் சரியாக உட்காரவில்லை. ஆசாரி வந்து அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவில் கட்டை வைத்து உயர்த்தின பிறகுதான் மாடு ஒழுங்காக இழுத்தது. சக்கரத்தின் உயரத்தை மாற்றினால் அதோடு சேர்ந்தது எல்லாம் மாறும் என்பதை நாம் பத்து வயதிலேயே கண்ணால் பார்த்திருக்கிறோம்.

இப்போது உன் 205/65 ஆர் 15-க்கு வருகிறேன். அதன் மொத்த விட்டம் 647.5 மி.மீ. உன் வண்டியில் இருப்பதைவிட 28 மி.மீ. பெரியது, நாலரை சதவீதம். இதில் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் உனக்குக் கிடைப்பது பாதிதான், 14 மி.மீ., நம் சுண்டுவிரல் தடிமன். அதற்கு நீ கொடுப்பது என்னவென்று பார்.

முதலில் இடம். அகலம் 40 மி.மீ. கூடுகிறது. உள்பக்கம் ஷாக் அப்சார்பரை நெருங்கும், வெளிப்பக்கம் மட்கார்டை நெருங்கும். கடையில் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் இரண்டு மூட்டை நெல்லும் போட்டு, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டு ஒரு குழியில் இறங்கிப் பார், சர்ரென்று உரசும். முன்சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை தேயும். விட்டால் டயரே அறுபடும். கடைக்காரர் மாட்டித் தரும் ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம்முக்குள் நட்டுப் போடும் முகம் எவ்வளவு உள்ளே, வெளியே இருக்கிறது என்ற அளவு, வேறாக இருந்தால் சக்கரம் இன்னும் வெளியே தள்ளி நிற்கும், பேரிங்குக்கு அதுவும் ஒரு சுமை.

அடுத்து வேகம். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. 80 என்று காட்டும்போது பழைய டயரில் போயிருக்கக்கூடிய வேகத்தைவிட நாலரை சதவீதம் கூடுதலாகப் போய்க்கொண்டிருப்பாய். கம்பெனிக்காரர்கள் மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டாதபடி கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் அமைப்பார்கள். பெரிய டயர் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். வண்டி இழுவையும் அதே அளவு குறையும். ஏரிக்கரை மேட்டில் ஆள் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஏறும்போது கிளட்சை அதிகம் தேய்ப்பாய். பிரேக் அதேதான், ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் பெரியது. இன்னும் ஒன்று, ஸ்டெப்னி. டிக்கியில் பழைய 14 அங்குலம் இருக்கும். பஞ்சரான ராத்திரியில் அதை மாட்டினால் ஒரு பக்கம் 28 மி.மீ. சின்னச் சக்கரம். அப்படி முன்னால் மாட்டிக்கொண்டு வெகுதூரம் ஓட்டினால் இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃப்ரென்ஷியல் நிற்காமல் உழைக்க வேண்டியிருக்கும்.

பெரிதாகப் போட்டே ஆக வேண்டும் என்றால் 185/65 ஆர் 15 போடு. விட்டம் 621.5 மி.மீ., பழையதற்கும் அதற்கும் 2 மி.மீ.தான் வித்தியாசம். மெத்தை 120 மி.மீ. இருக்கும். உயர்ந்த ரக ஸ்விஃப்ட்டுக்குக் கம்பெனியே போட்டுக் கொடுத்த அளவு அது. வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு, அவர்களே கொடுத்த அளவுக்குள் நிற்பதுதான் நிம்மதி. டயரில் அளவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், அதையும் பார். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560. பழையதைவிடக் குறைந்ததை வாங்காதே.

ஆனால் உன் வண்டி அடி தட்டுவதற்கு டயர்தான் காரணமா என்று முதலில் பார்த்துவிடு. எட்டு வருஷத்து வண்டி. பின் ஸ்பிரிங் தளர்ந்து உட்கார்ந்திருக்கலாம், ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்திருக்கலாம். ஆள் இல்லாமல் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் பிடித்து அள. இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டாலோ, பின்பக்கம் பார்வைக்கே தாழ்ந்திருந்தாலோ மெக்கானிக்கிடம் போ. பெரிய டயர் தரும் 14 மி.மீ.யைவிட நல்ல ஸ்பிரிங் அதிகம் தரும். காற்றும் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான், கடைப்பையன் சொல்வது இல்லை.

என் வண்டிக் கதையின் மிச்சத்தையும் சொல்கிறேன். அம்மா சொன்ன மறுநாளே ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். அங்கே வாணியம்பாடிக்காரர் ஒருவர், முப்பது வருஷமாக டயர் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கம் 90-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றும் அவரிடம் சொன்னேன். மூன்று தடவை பேலன்சிங் பார்த்தும் போகாத நடுக்கம் அது. சக்கரத்தைக் கழற்றி, நடு ஓட்டையில் விரலை விட்டுக் காட்டினார். அலாயின் ஓட்டை பெரிது, அதற்குள் உட்கார வேண்டிய வண்டியின் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் குடம், சின்னது, நடுவில் போட வேண்டிய வளையத்தை முதலில் மாட்டிய கடையில் போடவே இல்லை. நட்டு மட்டுமே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒரு ரிம் வளைந்தும் இருந்தது, ஒரு டயரின் பக்கத்தில் உள்நூல் அறுந்து எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. "இதோட குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஹைவேல போனீங்களாண்ணே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மொட்டை மாடியில் கிடந்த பழைய இரும்பு ரிம்களைத் துடைத்து, புதிய 165/80 ஆர் 14 நாலும் வாங்கி மாட்டினேன். சின்னவனுக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அவனே ஓட்டிக்கொண்டு பாட்டியைக் கூட்டிப் போனான். டைரி சர்க்கிள் தாண்டினதும் பின்னால் பேச்சே இல்லையே என்று திரும்பிப் பார்த்திருக்கிறான். பாட்டி தூங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், கூட்டத்துக்கு முன் மலை சுற்றிப் பார்த்துவிடலாம். ஊத்தங்கரை தாண்டினதும் போன் பண்ணுகிறேன். அதற்குள் நீ டேப் பிடித்து அளந்து, நாலு அளவையும் எனக்கு அனுப்பு. உங்கள் மாட்டுக்கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த அந்த மரச்சக்கரம் இன்னும் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
ராஜேந்திரன்