எல்நாத்தானைப் பற்றிப் பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா, "விடுங்க, அவ என்ன சின்னப் பிள்ளையா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். பொதுக்கூட்டத்தில் விதவைகள் உதவிப் பணத்துக்குக் கணக்குக் கேட்டாய், அடுத்த வாரமே உன் ஓய்வுநாள் பள்ளி வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், இனிமேல் கோயில் பக்கமே போகமாட்டேன் என்கிறாய். போ என்றோ போகாதே என்றோ சொல்ல நான் இதை எழுதவில்லை. "எரேமியா மாதிரி நிக்கணும்னு பிரசங்கம் மட்டும் நல்லாப் பண்றாங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னாயே, அது மனதில் உட்கார்ந்துகொண்டது. மூன்று நாளாக பைபிளில் அந்த எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைத்தான் முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாட்ஸப்பில் இவ்வளவு அடிக்க விரல் ஓடாது, அதனால் மெயில்.

எரேமியா யார் வீட்டுப் பிள்ளை என்று முதல் வசனத்திலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. ஆனதோத் ஊர், ஆசாரியர் குடும்பம். எருசலேமிலிருந்து நடந்தே போய்விடலாம், ஐந்து கிலோமீட்டர்கூட வராது. சாலொமோன் ராஜா அபியத்தார் என்ற ஆசாரியனை வேலையிலிருந்து நீக்கித் துரத்திவிட்டது அந்த ஊருக்குத்தான். யூதாவை ஆண்ட யோசியா ராஜாவின் 13ஆம் வருஷம், அதாவது கி.மு. 627 வாக்கில் அழைப்பு வருகிறது. "நான் பேச அறியேன், சிறுபிள்ளையாயிருக்கிறேன்" என்று நழுவப் பார்க்கிறான். அப்புறம் அந்த வாதுமைக் கிளை. எபிரெயத்தில் வாதுமைக்கு ஷாக்கேத், விழித்துக் காத்திருக்கிறவனுக்கு ஷோக்கேத். மற்ற மரமெல்லாம் குளிரில் மொட்டையாக நிற்கும்போது அங்கே முதலில் பூப்பது வாதுமைதான், அதை வைத்து ஒரு சொல் விளையாட்டு. ஓய்வுநாள் பள்ளியில் உனக்கும் இதைத்தான் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்கு ஐந்தாறு வசனம் தள்ளி ஒரு பட்டியல் இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தருவதில்லை: உனக்கு விரோதமாக யுத்தம்பண்ணப் போகிறவர்கள் யார் யார் என்று. ராஜாக்கள், பிரபுக்கள், ஆசாரியர்கள், தேசத்தின் ஜனங்கள். ஆசாரியர் வீட்டுப் பையனிடம், வேலையில் சேருகிற முதல் நாளே, உன் சொந்தக்காரர்களும் அந்தப் பட்டியலில் உண்டு என்று சொல்லியாயிற்று. பின்னால் ஆனதோத்து ஊர்க்காரர்களே அவனைக் கொல்லப் பார்த்தார்கள்.

ஆமோஸ் என்ற தீர்க்கதரிசிக்கு இந்தச் சங்கடம் இல்லை, பார். பெத்தேல் ஆசாரியன் அமத்சியா அவனைப் பார்த்து, யூதாவுக்கே ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள் என்றான். ஆமோசுக்குத் திரும்பிப் போகச் சொந்த ஊர் தெக்கோவா இருந்தது, மாடு இருந்தது, காட்டத்தி இருந்தது. எரேமியா எங்கே போவான்? துரத்தியவர்கள் இருந்த இடம்தான் அவன் வீடு. உன்னுடையது எரேமியா வகை, ஆமோஸ் வகை இல்லை. அதனால்தான் உனக்கு இவ்வளவு வலிக்கிறது.

ஆலய வாசலில் நின்று அவன் பேசிய பேச்சு யோயாக்கீம் ராஜாவான புதிதில் நடந்தது, கி.மு. 609ஐ ஒட்டி. பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு உள்ளே வந்து "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று மூன்று தரம் சொன்னால் தப்பித்துவிடுவீர்களா, முன்னே தேவனுடைய வாசஸ்தலம் இருந்து பாழாய்ப்போன சீலோவுக்கு என்ன ஆயிற்று என்று போய்ப் பாருங்கள் என்றான். ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் பிடித்துக்கொண்டு, நீ சாகவேண்டும் என்றார்கள். பஸ்கூர் என்று ஒரு ஆசாரியன், ஆலயத்துக்குப் பிரதான விசாரணைக்காரன், இன்னொரு சமயம் அவனை அடித்து உடம்பை முறுக்கி மாட்டிவைக்கும் தொழுமரத்தில் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தான்.

இந்தப் பஸ்கூரை நாம் பெரிய கெட்டவனாகவே கேட்டு வளர்ந்தோம். அவன் பக்கம் நின்றும் கொஞ்சம் பார். கி.மு. 701இல் அசீரியர்கள் யூதாவின் ஊர்களை எல்லாம் பிடித்தும் எருசலேமை மட்டும் பிடிக்க முடியவில்லை. அது நடந்து நூறு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இந்த ஆலயம் இருக்கிறவரை நமக்கு ஒன்றும் வராது என்பதை அவன் தாத்தா காலத்திலிருந்து கேட்டு நம்பியிருப்பான். பிராகாரத்தில் ஒழுங்கைக் காப்பது அவன் உத்தியோகம். ஒருவன் வந்து இது இடியும் என்று கத்தினால் என்ன செய்வான்? தன் கடமையைச் செய்கிறேன் என்றுதான் நினைத்திருப்பான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா. சொல்கிறேன்.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நம் சபையில் ஒரு உபதேசியார் இருந்தார். உனக்கு பலூன் வாங்கித் தருவாரே, அவர்தான். அந்த வருஷம், சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு பீடத்தில் நின்று, கீழத்தெருக்காரர்களை வருஷா வருஷம் கடைசிப் பந்தியில் உட்காரவைக்கிறோமே, இது யாருடைய பந்தி என்று கேட்டார். கேள்வி அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. புதன்கிழமை கமிட்டி கூடியது. நான்தான் செயலாளர். "சபையின் சமாதானத்தைக் குலைத்தபடியால்" என்று தீர்மானம். அதை மினிட் புத்தகத்தில் நீல மையில் எழுதியது என் கை. கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்து வரி பிடித்து எழுதினேன், பாப்பா. அவர் கேட்டது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பஸ் போகாத ஒரு ஊருக்கு அவரை மாற்றினார்கள், இரண்டே வருஷத்தில் ஊழியத்தை விட்டுவிட்டார். இது அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

சரி, எல்நாத்தானுக்கு வருகிறேன். அக்போரின் மகன் எல்நாத்தான், அரண்மனைப் பெரிய மனுஷன். எத்தனையோ தரம் வாசித்தும் இந்தப் பெயர் என் கண்ணில் பட்டதே இல்லை. எரேமியா பேசிய அதே மாதிரி உரியா என்ற தீர்க்கதரிசியும் பேசினான், கீரியாத்யாரீம் ஊர்க்காரன். பயந்து எகிப்துக்கு ஓடினான். அங்கே போய் அவனைப் பிடித்துவர ராஜா அனுப்பியது இந்த எல்நாத்தானைத்தான். கொண்டுவந்தார்கள். ராஜா வெட்டிப் போட்டான். எரேமியா 26இல் இது இருக்கிறது.

அப்படியே 36க்கு வா. சில வருஷம் கழித்து, குளிர்காலம். யோயாக்கீம் கணப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறான். எரேமியா சொல்லச் சொல்ல அவனுடைய எழுத்தன் பாருக் எழுதிய சுருளை யெகுதி என்பவன் வாசிக்க வாசிக்க, மூன்று நான்கு பத்தி ஆனதும் ராஜா எழுத்தரின் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான். சுற்றி நிற்கிறவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றே பேர், சுட்டெரிக்க வேண்டாம் என்று ராஜாவை வேண்டிக்கொள்கிறார்கள். அந்த மூன்றில் முதல் பெயர் எல்நாத்தான்.

இடையில் அந்த மனுஷனுக்கு என்ன நடந்தது என்று ஒரு வரி இல்லை. உரியாவின் முகம் ராத்திரியில் வந்ததோ என்னவோ. அவன் கேட்டுக்கொண்டதால் ஒன்றும் மாறவும் இல்லை, சுருள் எரிந்தே போயிற்று. (பிறகு எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் திரும்ப எழுதினான், முன்னதைவிட அதிகமாகவே.) செத்த உரியாவும் உயிரோடு எழுந்து வரவில்லை.

எரேமியாவைப் பிழைக்க வைத்தவர்கள் எல்லாருமே உள்ளே இருந்தவர்கள்தான். விசாரணையில் மூப்பர்கள் எழுந்து, எசேக்கியா ராஜா காலத்தில் மீகா தீர்க்கதரிசியும் இதையேதான் சொன்னான், அவனைக் கொன்றோமா என்று பழைய கதையை எடுத்துப் பேசினார்கள். சாப்பானின் மகன் அகீக்காம் கைகொடுத்தான். சாப்பானின் இன்னொரு மகன் கெமரியாவின் அறையில்தான் பாருக் சுருளை முதலில் வாசித்தான். ராஜாவிடம் வேண்டிய மூன்று பேரில் அந்தக் கெமரியாவும் ஒருவன். கடைசியில் சேற்றுத் துரவில் போட்டபோது இழுத்தெடுத்தவன் எத்தியோப்பியன் எபெத்மெலேக், அரண்மனை வேலைக்காரன். கயிறு அறுத்துவிடும் என்று கிழிந்த பழந்துணிகளைக் கீழே இறக்கி, அக்குளில் வைத்துக்கொள்ளும் என்றானே, அந்தத் துணியை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

எரேமியாவைத் துரவில் போட்ட பிரபுக்கள் நால்வரில் இரண்டு பேருடைய களிமண் முத்திரைகள் எருசலேமில் 2005இலும் 2008இலும் தோண்டியெடுத்த மண்ணில் கிடைத்தன, விரல்நகம் அளவு. செலேமியாவின் மகன் யூகால், பஸ்கூரின் மகன் கெதலியா. அவர்களும் ஆவணங்களில் அழகாக முத்திரை போட்டு வைத்த ஆட்கள்தான், என் மினிட் புத்தகம் மாதிரி.

நீ போனில் அழுததற்கு ஏன் மன்னிப்புக் கேட்டாய்? தொழுமரத்திலிருந்து வந்த எரேமியா, "நான் பிறந்தநாள் சபிக்கப்படுவதாக" என்றானே. இனிப் பேசவே மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தான், எலும்புக்குள் நெருப்பு அடைபட்ட மாதிரி இருந்தது, அடக்க முடியவில்லை. நீ போகாமல் இருந்து பார், முடிகிறதா என்று பார். முடிந்தால் அதுவும் சரி. உன் சபையிலும் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்கு இந்த வாரம் தூக்கம் வந்திருக்காது, அதுமட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த உபதேசியார் இப்போது நம் பஸ் நிலையத்துப் பக்கம் மகனுடைய பேப்பர் கடையில் உட்கார்ந்திருக்கிறார். நான் இத்தனை வருஷமும் பேப்பரை மேற்கே போய்த்தான் வாங்குகிறேன், அம்மா கேட்டால் அந்தப் பக்கம் வெயில் என்பேன். நாளைக்கு அங்கே போகிறேன். என்ன பேசுவது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பேப்பரை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன்.

போன் பண்ணு. பத்து மணிக்கு மேல் பண்ணு, அதற்குள் வந்துவிடுவேன்.

அப்பா