சினை மீனின் வழியை மறிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற கிழமை சந்தையில் வாங்கிய திரளி மீனை வீட்டில் அறுத்தபோது, வயிற்றின் இருபுறமும் விரல் நீளத்தில் மஞ்சள் சினை. வலைக்குள் அகப்படாமல் இருந்திருந்தால் அந்த மீன் முட்டையிடக் கடலுக்குப் போயிருக்கும்.

கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் சால்மன் மீனைப் பற்றி உலகம் நிறைய அறிந்திருக்கிறது. தான் பிறந்த ஆற்றின் வாசனையை அது குஞ்சுப் பருவத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்கிறது என்ற கருத்தை, 1951இல் ஆய்வாளர்களான ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் முன்வைத்தார்கள். பசிபிக் சால்மன் ஆற்றில் ஏறியதும் இரை உண்பதை நிறுத்திவிடும். உடலில் சேர்த்த கொழுப்பையும் தசையையும் கரைத்தே நீந்துகிறது, சினையையும் முற்றவைக்கிறது. முட்டையிட்டபின் இறந்துபோகிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கலங்கும்.

எங்கள் திரளியின் பயணம் இதற்கு நேர்மாறானது. கடல்நீரேரியில் மேய்ந்து வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்கிறது. அடைத்த குளத்தில் விட்டால் சினை ஓரளவு வளர்ந்து அப்படியே நின்றுவிடும்; ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறார்கள். ஆகவே கடல்நீரேரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வலையாலோ தடுப்பணைக் கதவாலோ மறிப்பது அடுத்த தலைமுறையையே மறிப்பதாகும்.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் எந்த மாதத்தில் எந்த மீன் சினைப்படுகிறது என்பதை மீன்பிடித் தொழிலாளரிடம் கேட்டு, ஆய்வுகூடத்தில் சினையைப் பரிசோதித்து, மாதவாரியாக வெளியிட வேண்டும். அந்த நாட்களிலாவது முகத்துவாரங்களில் வலை கட்டாமலும் தடுப்பணைக் கதவுகளைத் திறந்தும் வைக்க உரியவர்கள் முன்வர வேண்டும்.

கரையோர வாசகர்,
குருநகர், யாழ்ப்பாணம்