சனிக்கிழமை படம்: அம்மாக்களும் வளர்ந்த மகன்களும்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனி மாலை 6.30 மணிக்கு, பி பிளாக்கில் எங்கள் வீட்டில் 2019-இல் வந்த ‘அதர்ஹுட்’ என்ற ஆங்கிலப் படம் பார்க்கிறோம். அன்னையர் தினத்தை மகன்கள் மறந்துவிட, மூன்று அம்மாக்கள் சொல்லாமல் கொள்ளாமல் நியூயார்க்குக்குக் கிளம்பி அவர்கள் வாசலில் போய் நிற்கிறார்கள். நடிகை ஆஞ்சலா பாசெட் இருக்கிறார். படம் சுமார்தான், ஆனால் நம் வீட்டுப் புலம்பல் அப்படியே இருக்கும்!

1. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.
2. பேச்சு கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். சிறுபிள்ளைகள் வேண்டாம்.
3. சுண்டல் என் பொறுப்பு. டம்ளர் உங்களுடையது.
4. மகன்களையும் அழைத்து வரலாம். நடுவில் போனை நோண்டக் கூடாது, அவ்வளவுதான்.